தொழுவத்து அடுப்பு

செவ்வூரணி, கல்லல் வழி
18.6.1968

பினாங்கில் இருக்கும் என் மச்சானுக்கு புஷ்பவள்ளி எழுதுவது. நானும் நம் பிள்ளை பொன்னழகுவும் சுகம். உங்கள் அண்ணன், பொன்னுத்தாயி அக்கா, மாடு கன்று எல்லாரும் சுகம். உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? கடையில் மூட்டை தூக்க இன்னும் உங்களைத்தான் கூப்பிடுகிறார்களா, அல்லது ஒரு நல்ல மனுஷன் புதிதாக வேலைக்கு வந்திருக்கிறானா?

நிற்க. நம் ஊர்ப் பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு முடிந்துவிடுவதால் பொன்னழகுவைக் கல்லலில் மூன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டேன். உங்கள் அண்ணனுக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் தடுக்கவில்லை. இரண்டரை மைல் நடை. ஏழரைக்குக் கிளம்பினால்தான் மணி அடிக்குமுன் போய்ச் சேருவாள். திரும்ப ஐந்து மணி ஆகிறது.

மத்தியானச் சோறுதான் சிக்கல். நம் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். மூத்த மருமகள் குளித்து, அடுப்புக்குப் பொட்டு வைத்துப் பற்றவைத்தால்தான் தீ. வேறு கை படக் கூடாது. அக்கா அதைச் செய்து முடிக்க ஒன்பது மணி ஆகிறது. அதனால் பழைய சோற்றைத்தான் தூக்குச்சட்டியில் ஊற்றி அனுப்பினேன். வகுப்பில் வெக்கைக்கு அது பொங்கி, மூடி தெறித்து, நீராகாரம் பக்கத்துப் பிள்ளையின் புத்தகத்தில் கொட்டிவிட்டது. வகுப்பே சிரித்ததாம். இனிமேல் தூக்கைத் தொட மாட்டேன் என்கிறாள்.

உங்கள் அண்ணனுக்கு ஒரு வரி எழுதுங்கள். காலையில் ஆறு மணிக்கு அடுப்பு எரிந்தால் போதும். நான் கேட்டால் நடக்காது. நீங்கள் எழுதினால் நடக்கும்.

பொன்னழகு கொஞ்சம் இளைத்திருக்கிறாள். புது இடம் அல்லவா, சரியாகிவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
புஷ்பவள்ளி


பினாங்கு
6.7.1968

புஷ்பவள்ளிக்கு பூமிநாதன். நான் சுகம். இடுப்பு இருந்த இடத்தில் இருக்கிறது, வலியும் அதை விட்டுப் போகவில்லை.

அடுப்பு சமாச்சாரத்தை அண்ணனுக்கு எழுத என்னால் முடியாது. நான் கல்லலில் படித்த மூன்று வருஷமும் மத்தியானச் சோறு கொண்டுவந்தது அவர்தான். உழுதுகொண்டிருக்கும் ஏரை நிறுத்திவிட்டு, காலில் சேறு காயாமல், தூக்குச்சட்டியோடு வகுப்பு வாசலில் வந்து நிற்பார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போவார். அவருக்குப் போய் உங்கள் வீட்டு அடுப்பை இத்தனை மணிக்கு மூட்டுங்கள் என்று எழுதுவதா?

அடுப்பில்லாமலே பிள்ளைக்கு ஏதாவது கட்டிக் கொடு. அவலை நனைத்துக் கருப்பட்டி சீவிப் போடு. பொரியும் பொட்டுக்கடலையும் பொட்டலம் கட்டு. ஒக்கூர் வயிரவன் ஊருக்கு வருகிறான், அவனிடம் ஒரு டின் பிஸ்கட் கொடுத்திருக்கிறேன். இங்கே பிள்ளைகள் அதைத்தான் தின்கிறார்கள்.

அண்ணனையும் மதினியையும் விசாரித்ததாகச் சொல்.
பூமிநாதன்


செவ்வூரணி
31.7.1968

மச்சானுக்கு புஷ்பவள்ளி. பிஸ்கட் டின் சுகமாக வந்து சேர்ந்தது. விருந்தாளிக்கு ஆகும் என்று அக்கா அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அதுவும் சுகமாகத்தான் இருக்கிறது.

முன் கடிதத்தில் ஒன்றை எழுதாமல் விட்டேன். எழுதினால் உங்களுக்குத் தூக்கம் வராதே என்று பார்த்தேன். இப்போது வராவிட்டால் போகட்டும். தூக்கை விட்ட நாளிலிருந்து பொன்னழகு மத்தியானம் குழாயடியில் போய்த் தண்ணீரைக் குடித்து வயிற்றை நிரப்பியிருக்கிறாள். நீங்கள் சொன்ன பொரியும் கொடுத்தேன். எட்டு வயசுப் பிள்ளை அதை வழியிலேயே தின்றுவிடுகிறது. அவலை மட்டும் எத்தனை நாள் தின்னும்? போன வாரம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே சரிந்து விழுந்துவிட்டாள்.

சூசைமேரி டீச்சர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். "ஏம்மா, சோறு கொண்டுவராத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்துலயே போடுறோமே. அதையாவது சாப்பிடச் சொல்லுங்க" என்றார்கள். உள்ளே இருந்து உங்கள் அண்ணன் சத்தம் போட்டார். "அம்பது மூடை நெல்லு காணுற வீட்டுப் பிள்ளை தட்டேந்துறதா? ஊருக்குள்ள நான் தலைகாட்ட வேணாமா?"

வீட்டிலும் சோறு கிடையாது, பள்ளிக்கூடத்திலும் தின்னக் கூடாது. அப்படியானால் பிள்ளை எதைத் தின்னும், கௌரவத்தையா?

அக்காவிடம் மூன்று தரம் கெஞ்சினேன். "அக்கா, நீங்க பொட்டு வச்சுட்டுப் போயிப் படுங்க, நான் பாத்துக்கிறேன்" என்றேன். "என் கை மூட்டாத அடுப்பு இந்த வீட்ல எரியாது" என்றார்கள். சரி, வீட்டில்தானே எரியாது?

திங்கட்கிழமை விடிந்ததும் மாட்டுத் தொழுவத்தில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டிவிட்டேன். எள்ளை வறுத்துப் பொடித்து எள்ளுச்சோறு கிண்டினேன். தொட்டுக்கொள்ளச் சீனி அவரைக்காய். அக்கா ஓடிவந்து வாயில் அடித்துக்கொண்டார்கள். "அடிப்பாவி, ஒரு வீட்ல ரெண்டு பொகையா!"

பிள்ளை அன்றைக்குத் தூக்கைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தாள். ஒரு பருக்கை இல்லை.

புஷ்பவள்ளி


செவ்வூரணி
8.8.1968

தம்பி பூமிநாதனுக்கு முத்துக்கருப்பன் எழுதிக்கொண்டது. ஊரில் மழை இல்லை. உன் மதினிக்கு மனக்கவலையால் சாப்பாடு இறங்கவில்லை. மற்றபடி சுகம்.

உன் பெண்டாட்டி தொழுவத்தில் தனி அடுப்பு மூட்டியிருக்கிறாள். தனி அடுப்பு என்றால் தனிக் குடித்தனம், தனிக் குடித்தனம் என்றால் பங்கு. இது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். களத்து மேட்டில் என்னைப் பார்த்து, "என்னப்பா, தம்பி பாகம் கேக்குறானாமே?" என்கிறார்கள். பிள்ளைக்குச் சோறு கட்ட மூட்டினேன் என்று அவள் சொல்வதை நம்புவதற்கு இங்கே யாரும் காதில் பூச்சுற்றிக்கொண்டு நிற்கவில்லை.

பாகம் வேண்டுமென்றால் நீயே நேரில் வந்து என் முகத்தைப் பார்த்துக் கேள். பொம்பளையை முன்னால் விட்டுப் பின்னால் நிற்காதே.

முத்துக்கருப்பன்


பினாங்கு
20.8.1968

புஷ்பவள்ளிக்கு. சுகம் கேட்டு எழுதும் நிலைமையில் நான் இல்லை.

என்ன காரியம் செய்தாய்? பாகம் கேட்கிறேன் என்று அண்ணன் எழுதியிருக்கிறார். அந்த வரியைப் படித்ததும் கடையில் நிற்க முடியவில்லை. அவருக்குப் பதில் எழுத எனக்கு முகம் இல்லை. என்னைத் தோளில் தூக்கி வளர்த்த மனுஷனை ஊர் சிரிக்க வைத்துவிட்டாய்.

பிள்ளை விழுந்தது எனக்கும்தான் வலிக்கிறது. ஆனால் ஒரு பிள்ளையின் மத்தியானச் சோற்றுக்காக ஒரு குடும்பத்தை இரண்டாக்குவார்களா? இந்தக் கடிதம் கண்டதும் அடுப்பைக் கலைத்துவிடு. மதினி காலில் விழு.

பூமிநாதன்


செவ்வூரணி
2.9.1968

மச்சானுக்கு புஷ்பவள்ளி. இங்கே எல்லாரும் சுகம். அடுப்பும் சுகம்.

கலைக்க மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரி வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். உங்கள் அண்ணன் முன்னால் நான் இதுவரை நின்று பேசியதில்லை, கதவு மறைவில் நின்றுதான் பேசியிருக்கிறேன். அன்றைக்கு நேரே நின்றேன். தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்த வீரையா அம்பலம் கேட்டார். "ஏத்தா, எத்தனை பங்கு வேணுங்குறே?"

"பங்கு வேணாங்கய்யா. காலையில ஏழு மணிக்குப் பிள்ளைக்குச் சோறு வேணும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "அதுக்காகவா ஒருத்தி தனி அடுப்பு மூட்டுவா? உள்ளதச் சொல்லு" என்கிறார். இரண்டு தரம் சொன்னேன், மூன்று தரம் சொன்னேன். நிலத்தைக் கேட்டிருந்தால் நம்பியிருப்பார்கள். ஒரு தூக்குச் சோறு என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். கடைசியில் அம்பலம், "ஆம்பளை சொல்லாம மூட்டுன அடுப்பு அடுப்பே இல்லத்தா" என்றார். "அப்ப அதுல வெந்தது சோறு இல்லீங்களா? என் மக தின்னாளே" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

உங்களிடமிருந்து சொல் வரும்வரை எனக்கு வீட்டுச் சோறு கிடையாது, நெல் குதிரிலும் கை வைக்கக் கூடாது என்று தீர்ப்பு. வைக்கவில்லை. ஒக்கூரிலிருந்து என் தம்பி ஒரு மூடை கேப்பையும் கொஞ்சம் கம்பும் கொண்டுவந்து போட்டான். கேப்பை மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு அடை தட்டுகிறேன். ஆறினால் வறட்டியாகிறது என்று பிள்ளை சொன்னாள். வெந்நீர் விட்டுப் பிசைந்தேன், மத்தியானம் வரை மெத்தென்று இருக்கிறதாம். கருப்பட்டி கரைத்துக் குழிப்பணியாரம் ஊற்றுகிறேன். தட்டைப்பயறு அவித்துத் தாளித்தால் அதுவே ஒரு வேளைக்குக் காணும். சீனிக்கிழங்கைத் தோலோடு அவித்து அப்படியே போட்டுவிடுகிறேன், உரித்துத் தின்பது அவளுக்கு விளையாட்டு.

உங்கள் அண்ணன் ஏரை நிறுத்திச் சோறு கொண்டுவந்த கதையை நான் பொய் என்று சொல்லவில்லை. தங்கமான மனுஷன். ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்களுக்கு நடந்த அதே கால் என் மகளுக்கு ஏன் நடக்கவில்லை? எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நீங்களே எழுதுங்கள், பார்க்கலாம்.

புஷ்பவள்ளி


செவ்வூரணி
14.10.1968

மச்சானுக்கு புஷ்பவள்ளி. ஆறு வாரமாகக் கடிதம் இல்லை. தபால்காரர் தெருமுனையிலேயே கையை ஆட்டிவிட்டுப் போகிறார். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? கோபம் என்றால் அதையாவது எழுதுங்கள், தபால்காரருக்கு நடந்ததற்குப் பலன் இருக்கும்.

காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் பொன்னழகு இரண்டாவது. முதலாவது வந்த பிள்ளை வாத்தியார் மகளாம், அதனால் பரவாயில்லை என்கிறாள்.

இன்னொரு கூத்து. மேலத்தெரு ஆயி தன் மகள் காளியாயியைக் கூட்டிக்கொண்டு தொழுவத்துக்கே வந்தாள். கையில் ஒரு படி கம்பு. "எங்க வீட்லயும் மாமியா எந்திரிச்சாத்தான் அடுப்பு. எம்மகளுக்கும் சேத்துத் தட்டிக் குடுக்கா" என்றாள். மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள். இப்போது ஆறு தூக்கு போகிறது, ஆறும் பொட்டப்பிள்ளைகள். அதில் நாலு பிள்ளைகள் இந்த வருஷம் நின்றுவிட இருந்தவை. அக்கா கிணற்றடியில் நின்று தூக்குகளை எண்ணுகிறார்கள். உங்கள் அண்ணன் தொழுவத்துப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார், மாடுகளை வெளியே கட்டச் சொல்லிவிட்டார். மாடுகளுக்கு என் மேல் வருத்தம் இல்லை.

தீபாவளிக்கு எனக்குச் சேலை வேண்டாம். ஒரு கடிதம் போடுங்கள்.
புஷ்பவள்ளி


பினாங்கு
25.11.1968

புஷ்பவள்ளிக்கு. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

அண்ணனிடமிருந்து மூன்றாவது கடிதம் வந்துவிட்டது. தை மாதம் அறுத்ததும் பங்கைப் பிரித்துக் கொடுத்துவிடுவாராம், அதற்குப் பிறகு அவருக்குத் தம்பி இல்லையாம். அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு நான் இருக்க முடியாது.

அரையாண்டுப் பரீட்சையோடு பொன்னழகுவைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிடு. பெண்பிள்ளை, எழுத்துக்கூட்டிப் படித்தால் போதும். பள்ளிக்கூடம் நின்றால் தூக்குக்கு வேலை இல்லை, அடுப்புக்கும் வேலை இல்லை. எல்லாம் பழையபடி ஆகிவிடும். அடுப்பு அணைந்தது என்று நீ எழுதும்வரை என்னிடமிருந்து கடிதம் வராது.

பூமிநாதன்


கல்லல்
16.12.1968

அன்புள்ள அப்பாவுக்கு பொன்னழகு எழுதுவது. நான் சுகம். நீங்கள் சுகமா?

உங்கள் கடுதாசி அரிசிப் பானையில் இருந்தது. பானையில் அரிசி இல்லை. நான் எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். அம்மா உள்ளே வருவதற்குள் முழுவதும் படித்துவிட்டேன். என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தச் சொல்லியிருக்கிறீர்கள்.

நான் நிற்க மாட்டேன். எனக்குப் பத்தாம் வாய்ப்பாடு வரை தெரியும். நானும் காளியாயியும் ஜோடியாகத்தான் நடந்து போவோம், அவள் நின்றால் நானும் நிற்க வேண்டும், நான் நின்றால் அவளும் நிற்க வேண்டும். அதனால் இரண்டு பேரும் நிற்க மாட்டோம்.

அம்மா எங்களுக்கு அடை தட்டி மிச்சம் இருந்தால்தான் சாப்பிடும். சில நாள் மிச்சம் இருக்காது. அதை உங்களுக்கு எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. நான் எழுதிவிட்டேன். பெரியப்பா முந்தாநாள் என் தூக்கைத் திறந்து பார்த்தார்கள். திரும்ப மூடிக் கொடுத்துவிட்டார்கள்.

நீங்கள் மத்தியானம் என்ன சாப்பிடுகிறீர்கள்? யார் கட்டிக் கொடுக்கிறார்கள்?

ஸ்டாம்பு டீச்சர் ஒட்டுவார்கள். எழுத்து எல்லாம் நான்தான்.
மு. பூ. பொன்னழகு
மூன்றாம் வகுப்பு


பினாங்கு
6.1.1969

அண்ணன் அவர்களுக்கு தம்பி பூமிநாதன் வணங்கி எழுதிக்கொண்டது. உங்களுக்கும் மதினிக்கும் உடல் சுகம் வேண்டுகிறேன்.

உங்கள் மூன்று கடிதங்களுக்கும் பதில் எழுதாதது பயத்தினால்தான். இப்போது எழுதுகிறேன். அந்த அடுப்பை மூட்டச் சொன்னது நான்தான். ஊரை விட்டுப் புறப்படும்போதே சொல்லிவிட்டு வந்தேன். புஷ்பவள்ளி மேல் குற்றம் இல்லை, புருஷன் சொன்னதைச் செய்தாள்.

எனக்குப் பங்கு வேண்டாம். ஒரு சென்ட் நிலம் வேண்டாம். அண்ணன் வேண்டும். ஆனால் நீங்கள் கொண்டுவந்த சோற்றைத் தின்று வளர்ந்த வாயால் என் மகளுக்குச் சோறு வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என ஒரு தரம் நினைத்துவிட்டேன். இன்னொரு தரம் நினைக்க மாட்டேன். நீங்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்ல மாட்டேன். பொன்னழகு படிக்கட்டும்.

இந்தக் கடிதத்தை அம்பலத்திடமும் காட்டுங்கள்.
தம்பி பூமிநாதன்


செவ்வூரணி
27.1.1969

மச்சானுக்கு புஷ்பவள்ளி. நாங்கள் சுகம். கம்பைக் குத்திப் போட்டுத் தொழுவத்திலேயே பொங்கல் வைத்தோம். மாட்டுக்குப் பொங்கல் வைக்கிற இடத்தில் எனக்கும் ஒன்று பொங்கியது.

நீங்கள் அண்ணனுக்கு எழுதிய கடிதம் மாட்டுப் பொங்கல் கழித்து வந்தது. உங்கள் அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஐந்து மாதமாக இருந்த பாரம் இறங்கியதுபோல அன்றைக்கே அம்பலத்தைக் கூப்பிட்டுக் கோயில் வாசலில் சத்தமாகப் படித்தார். "பாத்தீகளா, தம்பி சொல்லித்தான் மூட்டியிருக்கு. புருஷன் பேச்சக் கேட்டது குத்தமா? பங்கும் வேணாங்குறான். என் தம்பி என் தம்பிதான்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மடியிலிருந்து குதிர்ச் சாவியை எடுத்து அக்கா கையில் கொடுத்து, என்னிடம் கொடுக்கச் சொன்னார். அக்கா நீட்டினார்கள்.

மச்சான், அந்தச் சாவியைப் பார்த்ததும் எனக்கு வாயில் எச்சில் ஊறியது. ஐந்து மாதமாக நெல்லுச் சோற்றை நான் கண்ணால் பார்த்ததில்லை. கையும் நீண்டுவிட்டது. பக்கத்தில் ஆயி நின்றாள். அவள் புருஷன் ஊரில்தான் இருக்கிறான், ஆனால் அவளுக்காக ஒரு வார்த்தை பேச மாட்டான். அவளைத் தாண்டி இன்னும் நாலு பேர் நின்றார்கள். எல்லாரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கையை இழுத்துக்கொண்டேன். "அவுக சொல்லலைங்கய்யா" என்றேன். "அவுக அணைக்கச் சொல்லித்தான் எழுதுனாக, ரெண்டு தரம் எழுதுனாக. மூட்டுனது நான். யாரும் சொல்லி மூட்டலை. எம்பிள்ளை விழுந்துச்சு, மூட்டுனேன்."

உங்கள் அண்ணன் முகம் செத்துவிட்டது. "அப்ப என் தம்பி பொய் எழுதியிருக்கானா?"

"ஆமாங்க. என்னையக் காப்பாத்த எழுதியிருக்காக. நல்ல மனசு. ஆனா நாளைக்கு ஆயி அடுப்பு மூட்டுனா அவளுக்கு யாரு பினாங்குலேர்ந்து கடுதாசி போடுவாக?"

அக்கா என் தோளில் இடித்தார்கள். "ஏண்டி கிறுக்கி, வாய மூடிட்டு நின்னிருந்தா குதிரு தொறந்திருக்கும்ல!" அதைச் சொல்லும்போது அக்கா குரலில் கோபம் இல்லை, மச்சான். எனக்காக வயிறு எரிந்து சொன்ன மாதிரி இருந்தது. உங்கள் அண்ணன் சாவியை வாங்கி மடியில் செருகிக்கொண்டு யாரையும் பார்க்காமல் எழுந்து போய்விட்டார். அம்பலம் துண்டை உதறித் தோளில் போட்டார். "குதிரு பூட்டியே இருக்கட்டும். அடுப்பு இருக்கட்டும். அது இந்தப் பொம்பளை மூட்டுன அடுப்பு, இனிமே அதப்பத்தி எங்கிட்ட வராதீக" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஆயி அவள் வீட்டிலேயே ஆறு மணிக்கு அடுப்பு மூட்டிவிட்டாள். மாமியார் கத்திய கத்து நம் தெரு வரைக்கும் கேட்டது. என் தொழுவத்தில் ஒரு தூக்கு குறைந்தது. எனக்கு அன்றைக்கு இரண்டு அடை மிச்சம், உட்கார்ந்து நிதானமாகத் தின்றேன்.

நீங்கள் எனக்காகச் சொன்ன முதல் பொய் அது. கோபமில்லை. உங்கள் அண்ணன் அதைப் படிக்கக் கேட்டபோது அழுதுவிட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன், இனி எதையும் விட்டு எழுதப் போவதில்லை. ஆனால் அந்தக் கடிதம் எனக்கு வேண்டாம். உங்கள் அண்ணனுக்கு இன்னொன்று எழுதுங்கள். நீளமாக வேண்டாம், இரண்டு வரி போதும். அவள் மூட்டினாள், நான் அவள் பக்கம் என்று எழுதுங்கள். எழுத வராவிட்டால் எப்போது வருகிறதோ அப்போது எழுதுங்கள். அதுவரை இங்கே காலையில் அடுப்பு எரியும்.

புஷ்பவள்ளி